தலைவர் வல்லம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

மதுரையில் வக்கீலாக இருக்கும் என் மகனுக்கு,

போன வாரம் நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். "ம்மா, தலைவரே கூப்பிட்டுப் பேசினாரு. நம்ம தொகுதியில என்னைய நிக்கச் சொல்லுதாரு. யோசிச்சுச் சொல்லுங்கன்னு டைம் குடுத்திருக்காரு" என்றாய். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு "யோசி" என்றேன். "என்னம்மா, ஒரு சந்தோஷத்தையே காணோம்" என்று கேட்டாய். கையெல்லாம் மீன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் மழை வருமா, உன் வீட்டு மோட்டார் சரியாகிவிட்டதா என்று வேறு எதையோ பேசினேன். நீயும் கவனித்திருப்பாய். குறுக்கு விசாரணை செய்து பிழைக்கிறவனிடம் பேச்சை மாற்றித் தப்பிக்க முடியாது.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால், இந்தச் சங்கடம் நம் வீட்டோடு நிற்கவில்லை என்பதால்தான். இந்த மாவட்டத்தில் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இப்போதிருக்கிற ஆட்சி போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள், சாதிக்கும் மதத்துக்கும் எதிராகப் பேசுகிற பக்கத்துக்கே வாழ்நாள் முழுக்க ஓட்டுப் போட்டவர்கள். அந்தப் பக்கத்தின் தலைவர் மேடை ஏறும்போது கை தட்டிக்கொண்டே, இவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போடுகிறவர்கள். அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் எதிர்ப்பக்கத்துக்கு லாபம் என்று பயம். அந்தப் பயத்தோடுதான் நானும் கொஞ்ச நாளாக இருந்தேன். நான் பேசாமல் இருந்ததில் யாருக்கு என்ன நடந்தது என்பதை நீ பதில் சொல்லும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்பதை எந்தக் கட்சித் தலைவரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. இவர் பேசினார். அதுவும் கூச்சப்படாமல், யாருக்கும் சிரிப்பு வராதபடி பேசினார். தாமிரபரணிக் கரை ஊர்களில் சுடுகாட்டுப் பாதைக்காக ஒரு தெருவும் இன்னொரு தெருவும் முறைத்துக்கொண்டு நின்றபோது, ஓட்டு அதிகமுள்ள தெருவில் போய் நின்று, நீங்கள் செய்வது தப்பு என்று சொன்னார். அன்று நான் அங்கே இருந்தேன். இவர் நம் ஆள் என்று நினைத்தேன். உன் அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே வீட்டில் கொடி கட்டியிருப்பார். ஆகவே, அம்மாவுக்கு எவரையும் பிடிக்காது, அது நிருபர் தொழில் கொடுத்த வியாதி என்று நீ சொல்லிவிடாதே. வியாதி உண்டுதான். ஆனால் நான் சொல்லப்போவது கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

நம் ஊருக்குத் தெற்கே, உன்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்த அமலனின் ஊருக்கு, தலைவர் சுற்றுப்பயணத்தில் வந்தார். வந்தது, நீ எனக்குப் போன் செய்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் கடற்கரை ஊரில் ஆட்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், கூட்டம் கிடைக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் கரையில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்களா, தெரியாது. உனக்கு விளக்க வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று வல்லங்கள், அதாவது எங்கள் மீன்பிடிப் படகுகள், எல்லாம் மணலில் ஏறி நிற்கும். காலையில் கோயிலில் பூசை, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் சீட்டுக் கச்சேரி. கடலில் மீன் துள்ளுகிறது என்று தெரிந்தாலும் இறக்க மாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம். மீறினால் ஊர்க் கமிட்டி கூடி, அந்த வல்லத்தின் தொழிலை நிறுத்தி வைக்கும். பணக்காரன் ஒரு நாள் கூடுதலாகத் தொழில் செய்து ஏழையை முந்திவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது அது என்று பங்குச்சாமியாக இருந்த பாதிரியார் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் நம் தலைவர் மேடையில் பேசுகிற சமத்துவத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வழக்கம் அது.

அமலன் அங்கே கட்சியின் கிளைச் செயலாளர். பூசை முடிந்து நான் கடற்கரைக்குப் போனபோது அவனும் இன்னும் சிலரும் அவன் வல்லத்தைத் தண்ணீரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "ஏலே அமலா, இன்னைக்கு என்ன கெழமை தெரியுமா?" என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை. "படம் புடிக்கத்தான் பெரியம்மா. மாவட்டத்துல இருந்து சொல்லிட்டாவ. தலைவர் ஏறி நின்னு வலையை ஒரு இழுப்பு இழுப்பாரு, எறங்கிருவாரு. மீனா புடிக்கப் போறோம்?" என்றான். குரல் தெம்பாக இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்கள் வந்தன. தலைவர் இறங்கியதும் நான் நேராகப் போய் வணக்கம் சொன்னேன். அவருக்கு என்னைத் தெரியும், சுடுகாட்டுப் பாதை விஷயத்தில் பேட்டி எடுத்திருக்கிறேன். அமலன் வல்லத்தின் கயிற்றைக் கையில் பிடித்தபடி எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றான். நான் சொன்ன வார்த்தைகள் இவை: "ஐயா, ஞாயிற்றுக்கிழமை இங்கே வல்லம் இறக்க மாட்டார்கள். இறக்கினால் இந்தப் பையனுடைய தொழிலை ஊர் நிறுத்திவிடும். மணலில் நிறுத்தியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்." அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படியாம்மா? நல்லவேளை சொன்னீங்க" என்றார். நான் விலகி நின்றேன். புகைப்படக்காரர் அவர் காதருகே வந்து வெயிலைக் காட்டி ஏதோ சொன்னார். தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமலனிடம் போய், தோளில் கை போட்டு, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, இதனால உங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். நீ வக்கீல், கேள்வியின் அமைப்பு உனக்குத் தெரியும். தோளில் தலைவரின் கை. எதிரே கேமராக்கள். சுற்றிலும் கட்சிக்காரர்கள். கிளைச் செயலாளர் என்ன பதில் சொல்ல முடியும்? "ஒண்ணும் வராது தலைவரே, நம்ம ஊருதான" என்றான் அமலன். கூட்டம் கை தட்டியது. வல்லம் இறங்கியது. அந்தப் படத்தை நீ பார்த்திருப்பாய், எல்லோரும் பார்த்தார்கள். அலை தெறிக்க அவர் வலை இழுக்கிறார், பின்னால் அமலன் சிரிக்கிறான். அந்தப் படத்துக்கு வெளியே காரில் உலர்ந்த வேட்டி ஒன்றும் துண்டும் தயாராக இருந்தன. நனைவதற்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் முன்பே ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. அமலன் அதே விளக்கத்தைச் சொல்லியிருக்கிறான், படம் பிடிக்கத்தான் இறக்கினோம் என்று. "இன்னைக்கு நீ படம் புடிக்கத்தான எறக்குனேன்னு சொல்லுத. அடுத்த வாரம் ஒருத்தன் காத்து வாங்கத்தான எறக்குனேன்னு சொல்லுவான். அதுக்கடுத்த வாரம் காத்தோட மீனும் வரும்" என்றாராம் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டு, மறுபடி கமிட்டி கூடிச் சொல்லும்வரை அமலனின் வல்லம் கடலில் இறங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நெத்திலி பாடு நன்றாக இருக்கிற, வலை நிறைய மீன் வருகிற நேரம் இது.

மறுநாள் தூத்துக்குடியில் தலைவரின் செய்தியாளர் சந்திப்பு. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொலைக்காட்சி நிருபர் எழுந்து, நேற்று நீங்கள் ஏறிய வல்லத்துக்குத் தொழில் தடை போட்டிருக்கிறார்களே என்று கேட்டார். தலைவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது, அதை மறுக்கமாட்டேன். "அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. உள்ளூர்த் தோழர்கள் ஆர்வத்தில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மக்களின் நம்பிக்கைகளை மதிக்கிறவன் நான்" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சொல்லும்போது அவர் பார்வை எங்கள் வரிசையைக் கடந்து போனது. என் மேல் நிற்கவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில், எழுந்து நின்று கேள்வி கேட்பதற்காகவே சம்பளம் வாங்கினவள். ஆளும் கட்சித் தொலைக்காட்சியின் மைக் மேசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. நான் வாயைத் திறந்தால் அன்று முழுவதும் என் முகத்தைத்தான் காட்டுவார்கள், தேர்தல் நேரத்தில் அவர்களுக்கு நான் தீனி போட வேண்டுமா என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து அவர் வெளியே வரும்போது மட்டும் மறித்து, தாழ்ந்த குரலில், "நான் சொன்னேனே ஐயா" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சொன்னீங்கம்மா. மறக்கலை. ஆனா இந்த நேரத்துல இதைப் பெருசாக்கினா யாருக்கு லாபம், நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உள்ளே உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்ட அதே வாக்கியம். அவர் வாயில் அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் என்கிற சொல் போதாமல் போயிற்று. நம்மைப் போன்றவர்கள் எதற்காக வாய் மூடிக்கொள்வோம் என்று இந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதை வைத்துத்தான் நடக்கிறார்.

இரண்டொரு நாள் கழித்து அமலனைப் பார்க்கப் போனேன். வல்லத்தைக் கவிழ்த்துப் போட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஏற்கெனவே நன்றாக இருந்த பக்கத்துக்கே மறுபடி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜெனிட்டா என்னைப் பார்த்ததும், "வாங்க பெரியம்மா. மத்தியானத்துக்கு இங்கனதான் சாப்பிடணும். தலைவர் படம் இருக்குல்லா, அதைப் பொரிச்சுத் தாரேன்" என்றாள். "ஏளா, சும்மா இரி" என்றான் அமலன். "நான் சும்மாதான் இருக்கேன். வல்லமும் சும்மா இருக்கு. நீரும் சும்மா இருக்கீரு. வீட்டுல அடுப்பு ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அமலன் சிரிக்கப் பார்த்தான். "அவ கெடக்கா பெரியம்மா. தலைவருக்கு எப்படித் தெரியும்? வெளியூர்க்காரரு. யாரும் சொல்லலைன்னு டிவியில சொன்னாருல்லா" என்றான்.

"நான் சொன்னேன் அமலா" என்றேன்.

அவன் பிரஷ்ஷை டப்பாவில் வைத்தான். பிறகு, "எனக்கும் கேட்டுது. பக்கத்துலதான நின்னேன்" என்றான். "பின்ன ஏம்லே இப்படிச் சொல்லுத?" என்று கேட்டேன். "கமிட்டியில கேட்டாவ, தலைவருக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன். மாவட்டத்துல இருந்தும் போன் வந்துச்சு, நீயே ஏத்துக்கோ, தேர்தல் முடியட்டும், பாத்துக்கிடலாம்னு. யாரும் சொல்லலைன்னு அவரு சொன்னா, சொல்லலைதான் பெரியம்மா. இப்ப போயி நான் வேற மாதிரிப் பேசினா கட்சி என்னத்துக்கு ஆகும்?" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

தம்பி, நான் பயப்படுவது இந்த இடத்தில்தான். பொய் சொல்லாத அரசியல்வாதியை நான் தேடவில்லை, அந்த வயதெல்லாம் போய்விட்டது. ஆனால் தன் காதால் கேட்ட ஒன்றைக் கேட்கவில்லை என்று ஒரு நல்லவன் தானாகவே சொல்ல ஆரம்பித்திருக்கிறான். யாரும் அவனை மிரட்டவில்லை. நாளைக்கு நீ வேட்பாளராக அவர் பக்கத்தில் நிற்பாய். அமலனைவிடப் பக்கத்தில். அவர் கேட்டது எல்லாம் உனக்கும் கேட்கும். கடலில் கலக்கிற கழிவுநீர் பற்றி ஒரு மனு வரும், உப்பளத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். ஒரு நாள் அவர் மைக் முன்னால், இது என் கவனத்துக்கு வரவில்லை என்பார். அப்போது நீ எங்கே பார்ப்பாய்? கையில் அதிகாரம் ஒன்றும் இல்லாத நாளிலேயே ஒரு புகைப்படத்துக்காக இப்படிச் சொல்கிறவர், அதிகாரம் வந்த பிறகு எதற்கெல்லாம் சொல்வார் என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். "அந்தப் பக்கம் என்னென்ன செய்யுதாங்க, ஒரு படத்துக்குப் போயி இவ்வளவாம்மா?" அந்தப் பக்கம் செய்வதை நான்தான் வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். அவர்களுக்கு என் ஓட்டு ஒருபோதும் இல்லை. யார் அதிக மோசம் என்பது வேறு கேள்வி, அதற்கு ஓட்டுச் சாவடியில் பதில் சொல்லிக்கொள்ளலாம். இவர் பக்கத்தில் நின்றால் நீ என்ன ஆவாய் என்பதுதான் எனக்குக் கேள்வி. உன் கல்லூரி நாளில் ஒன்று நடந்தது, மறந்திருக்க மாட்டாய். நம் பக்கத்துப் பேரணி ஒன்றுக்கு, மைதானம் நிரம்பி வழிந்தது என்று எழுதி வைத்திருந்தேன். நீ தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்துவிட்டு, "நானும் அங்கதான் நின்னேன்ம்மா, பாதி மைதானம் காலி. நம்மாளுங்கன்னா கண்ணு தெரியாதோ?" என்றாய். எரிச்சலாக இருந்தது. ஆனால் மாற்றி எழுதினேன். அந்தப் பையனைத்தான் இப்போது தலைவர் கேட்கிறார்.

உன் அப்பா துறைமுகத் தொழிற்சங்கத்தில் கடைசிவரை இருந்தார். வேலைநிறுத்தம் ஒன்றின்போது சங்கத் தலைவர் ரகசியமாக நிர்வாகத்தோடு பேசி முடித்துவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. பொதுக்குழுவில் எல்லோரும் பேசாமல் இருந்தபோது அப்பா எழுந்து, "அண்ணாச்சி, நீங்க போனியளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். "போனேன்" என்றார் அவர். "சரி, இனிமே பேசலாம்" என்று அப்பா உட்கார்ந்தார். சண்டை நடந்தது, திட்டு நடந்தது, ஆனால் மறுநாள் இருவரும் ஒரே வாசலில் கொடி பிடித்தார்கள். அப்பா அந்த மனிதரைப் பிறகும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அந்தச் சந்தேகத்தைத் தாங்கிக்கொண்டு அந்தத் தலைவரால் இருக்க முடிந்தது. நம் தலைவரால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்றுதான் நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்றும் விரும்புகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க் கமிட்டி கூடுகிறது. நான் போகிறேன். தலைவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது, சொன்னவள் நான், தெரிந்தேதான் அவர் ஏறினார் என்று அங்கே சொல்லப்போகிறேன். அமலனுக்கு அது பிடிக்காது, என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமலும் போகலாம். ஜெனிட்டா பேசுவாள். அன்று மூன்றாவது வரிசையில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் இதை வெட்டி எடுத்து ஒலிபெருக்கி வேன் வைத்துப் படிப்பார்கள். படிக்கட்டும். இது வெளிவந்த பிறகு உனக்குச் சீட்டு இல்லை என்று ஆகிவிடலாம் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன். அதற்காக நீ என் மேல் கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. உன்னிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் கேட்டுக்கொள்வேன் என்று பயந்தேன்.

அவர் உன்னைக் கூப்பிடவே இல்லை என்றால், நீ கேட்காமலே உனக்குப் பதில் வந்துவிட்டது. கூப்பிட்டால் போ. கட்சிக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது, அன்று அம்மா சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்று கேள். அப்பா கேட்ட மாதிரி, அதை மட்டும் கேள். தனியாகக் கூப்பிட்டு உன் கைகளைப் பிடித்துக்கொண்டு சொல்கிற பதிலை எடுத்துக்கொள்ளாதே, அது எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நாலு பேர் கேட்க, விழுந்தது என்று அவர் சொன்னால் அங்கேயே சம்மதம் சொல்லிவிடு. இந்தத் தொகுதியில் உன் நோட்டீஸை வீடு வீடாக நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. முதல் நோட்டீஸுக்கு முன்பே நான் அமலன் வீட்டுக்குப் போக வேண்டும். இனிமேல் கேட்கவில்லை என்று சொல்லித் திரிய வேண்டியதில்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

அம்மா